ஓடிப்போன நாயகனும் எங்கள் வாசகர் வட்டமும்

"இவனெல்லாம் ஒரு ஹீரோவா அங்கிள்? பாதிப் புத்தகம் வரைக்கும் ஓடிக்கிட்டேதான் இருக்கான்!"

நான்காம் படிவம் படிக்கும் அந்தப் பெண் புத்தகத்தை மேசையில் போட்ட வேகத்தில் என் கோப்பி சிந்தியது.

சுங்கை பட்டாணியில் எங்கள் தாமானில் ஒரு சிறிய வாசகர் வட்டம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் பொது மண்டபத்தில் கூடுவோம். மொத்தம் எட்டுப் பேர். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா ஒருவர், லோரி ஓட்டும் அண்ணன், நாசி லெமாக் கடை வைத்திருக்கும் அக்கா, அந்தக் காலத்தில் பால்மரம் வெட்டிய பாட்டி, தொழிற்சாலையில் வேலை செய்யும் ஓர் இளைஞர், பள்ளிப் பிள்ளைகள் இரண்டு பேர், பிறகு நான். வழக்கமாக உள்ளூர்ச் சிறுகதைகளையும் மு.வ., அகிலன் நாவல்களையும்தான் பேசுவோம். இந்த முறை பள்ளி விடுமுறை என்பதால் பிள்ளைகளுக்காக ஒரு மாயாஜாலக் கதை படிக்கலாமே என்று நான்தான் சொன்னேன்.

உர்சுலா கே. லெ குவின் எழுதிய 'அ விசார்ட் ஆஃப் எர்த்ஸீ'. 1968-இல் அமெரிக்காவில் வெளிவந்த ஆங்கில நாவல். மொத்தம் பத்து அத்தியாயங்கள். பிள்ளைகளும் அந்த இளைஞரும் ஆங்கிலத்திலேயே படித்துவிட்டு வருவார்கள். மற்றவர்களுக்கு வாரம் இரண்டு அத்தியாயம் வீதம் நான் தமிழில் கதையாகச் சொல்வேன். ஐந்து ஞாயிறுகளில் முடித்துவிடலாம் என்பது திட்டம்.

எத்தனையோ புத்தகங்கள் இருக்க, ஏன் இதை எடுத்தேன் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பொய்தான் சொல்லியிருப்பேன்.

கதை இதுதான். கோண்ட் என்ற தீவில் ஆடு மேய்க்கும் பையன் ஒருவன். தாயில்லாப் பிள்ளை. மந்திரம் அவனுக்கு இயல்பாக வருகிறது. அவனுடைய உண்மைப் பெயர் கெட். அந்த உலகத்தில் ஒருவரின் உண்மைப் பெயர் தெரிந்தால் அவர் உங்கள் கைக்குள். அதனால் யாரும் அதை வெளியில் சொல்வதில்லை. ஓகியன் என்ற அமைதியான குரு அவனை அழைத்துப் போகிறார். குரு எதையும் அவசரமாகச் சொல்லித் தருவதில்லை. பையனுக்குப் பொறுமை இல்லை. ரோக் என்ற தீவில் இருக்கும் மந்திரப் பள்ளிக்குப் போய்விடுகிறான். ஹாரி பாட்டர் வருவதற்கு 29 ஆண்டுகளுக்கு முன்பே எழுதப்பட்ட மந்திரப் பள்ளி அது.

அங்கே ஜாஸ்பர் என்ற பெரிய வீட்டுப் பையன் இவனைச் சீண்டுகிறான். 'நான் யார் என்று காட்டுகிறேன் பார்' என்று கெட் ஓர் இரவு குன்றின்மேல் நின்று, செத்து ஆயிரம் ஆண்டுகளான ஒரு பெண்ணின் ஆவியை அழைக்கிறான். உலகம் கிழிந்த மாதிரி ஒரு பிளவு. அந்தப் பிளவு வழியே ஒரு நிழல் குதித்து வந்து அவன் முகத்தைப் பிறாண்டுகிறது. பள்ளியின் தலைவரான முதியவர் நெமர்லே ஓடிவந்து, தன் சக்தி முழுவதையும் கொட்டி அந்தப் பிளவை மூடுகிறார். மூடிவிட்டு இறந்துபோகிறார். பையன் பிழைத்துக்கொள்கிறான். முகத்தில் வடுவோடு. அந்த நிழல் அவனைத் தேடிக்கொண்டு வெளியில் அலைகிறது.

அதற்குப் பிறகு அவன் ஓடத் தொடங்குகிறான்.

"பேர்லயே தெரியுதே, கெட்டவன்னு" என்றார் லோரி அண்ணன். மண்டபமே சிரித்தது. ஆங்கில வாசகர்களுக்கு இந்தச் சிரிப்பு கிடைத்திருக்காது.

தலைமையாசிரியர் ஐயா சிரிக்கவில்லை. "இராமன் காட்டுக்குப் போனான். அது கடமை. பாண்டவர்கள் மறைஞ்சு வாழ்ந்தாங்க. அது வாக்கு. இவன் ஓடுறது பயத்தால. திருக்குறள்ல அடக்கமுடைமைன்னு ஓர் அதிகாரமே இருக்கு. அதுக்கு நேர்மாறா நடந்தவன இளைஞருக்கு நாயகன்னு காட்டலாமா?" என்று கேட்டார். அவர் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவர். கேள்வியில் நியாயம் இருந்தது.

லெ குவினுக்கு இந்தக் கதை தோன்றிய விதத்தைச் சொன்னேன். பதின்ம வயதினருக்காக ஒரு புத்தகம் எழுதித் தரும்படி ஒரு பதிப்பாளர் கேட்டாராம். மந்திரவாதி என்றாலே எல்லாருக்கும் வெள்ளைத் தாடிக் கிழவர்தானே நினைவுக்கு வருகிறார். அந்தக் கிழவர்கள் தாடி முளைக்கும் முன்னே என்னவாக இருந்தார்கள், எப்படிக் கற்றுக்கொண்டார்கள் என்று அவர் யோசித்திருக்கிறார். கற்றுக்கொள்கிறவன் தவறு செய்யத்தானே வேண்டும் என்றேன்.

"தவறு செய்யட்டும். ஓடணுமா?" என்றார் ஐயா.

லோரி அண்ணன் குறுக்கிட்டார். "ஐயா, ஓடினவனுக்குத்தான் தெரியும். நானும் பதினாறு வயசுல வீட்ட விட்டு ஓடினவன். அப்பா அடி தாங்காம பட்டர்வொர்த்ல லோரி கிலிண்டனா சேர்ந்தேன். ஓடலன்னா நான் செத்திருப்பேன், இல்லாட்டி அவர் செத்திருப்பாரு. இன்னொன்னு பாருங்க. இந்தப் பையன் வேலைய முடிச்சிட்டுத்தான் ஓடுறான்."

அவர் சொன்னது ஐந்தாம் அத்தியாயம். படிப்பை முடித்த கெட்டை ஏழை மீனவர்கள் வாழும் தீவுக்குக் காவலாக அனுப்புகிறார்கள். பக்கத்துத் தீவான பெண்டோரில் டிராகன்கள். நிழல் தன்னை நெருங்கிவிட்டது என்று தெரிந்ததும் கெட் அங்கிருந்து கிளம்ப நினைக்கிறான். ஆனால் மீனவர்களை டிராகன்களிடம் விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை. தனியாகப் படகில் போய் டிராகனை எதிர்கொள்கிறான். கிழட்டு டிராகன் ஆசை காட்டுகிறது: அந்த நிழலின் பெயரைச் சொல்கிறேன், பெயர் தெரிந்தால் நீ அதை அடக்கிவிடலாம் என்று. தன் உயிரைக் காக்கும் அந்தப் பெயரை அவன் கேட்கவில்லை. நீங்கள் யாரும் இந்த மக்கள் பக்கம் வரக்கூடாது என்ற வாக்கைத்தான் வாங்கிக்கொள்கிறான்.

"அது வீரம். ஒத்துக்கிறேன்" என்றார் ஐயா, சற்று இறங்கி.

இரண்டாம் படிவம் படிக்கும் பையன் அதுவரை பேசாமல் அட்டைப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "அங்கிள், உள்ளே இவன் பிரவுன் கலர்னு எழுதியிருக்கே? இவனோட ஃப்ரெண்ட் வெட்ச் நல்லா கறுப்பாமே?"

ஆமாம் என்றேன். கெட் செம்பழுப்பு நிறத்தவன். அவனுடைய உயிர்த் தோழன் வெட்ச் கறுப்பு நிறத்தவன். முதல் அத்தியாயத்தில் படையெடுத்து வந்து ஊரைக் கொளுத்துகிறவர்கள்தாம் வெள்ளை நிறத்தவர்கள். 1968-இல் அமெரிக்காவில் ஒரு வெள்ளைக்காரப் பெண் இதைத் தெரிந்தேதான் எழுதினார். ஆனாலும் பல பதிப்புகளின் அட்டையில் அவனை வெளுத்தே வரைந்தார்கள். 2004-இல் தொலைக்காட்சித் தொடராக எடுத்தபோது ஒரு வெள்ளைக்கார இளைஞரையே நடிக்க வைத்தார்கள். லெ குவின் வெளிப்படையாகக் கண்டித்து எழுதினார்.

"அப்ப நம்ம கலர்ல ஒரு ஹீரோ" என்றான் பையன். புத்தகத்தை மேசையில் போட்ட பெண் அதைத் திரும்பவும் கையில் எடுத்துக்கொண்டாள்.

இப்படி மூன்று ஞாயிறுகள் கலகலப்பாகப் போயின. நான்காவது ஞாயிறுதான் என்னைக் கவிழ்த்தது.

ஏழாம், எட்டாம் அத்தியாயங்கள். நிழலுக்குப் பயந்து ஓடிய கெட், கடைசியில் பருந்தாக உருமாறிக் கடலைத் தாண்டிப் பறக்கிறான். பருந்தாகவே இருந்து இருந்து மனிதன் என்பதே மறந்துபோகும் நிலை. அப்படியே போய்ப் பழைய குரு ஓகியனின் கையில் இறங்குகிறான். பொறுமை இல்லாமல் விட்டுப் போன அதே குரு. அவர் திட்டவில்லை. மனிதனாக மாற்றி, சோறு போட்டு, படுக்க வைக்கிறார். பிறகு, நீ திரும்பி நிற்க வேண்டும் என்கிறார். எங்கே ஓடினாலும் அது வரும். அதனால் நீ அதைத் துரத்து என்கிறார்.

ஆறாம் அத்தியாயத்தின் தலைப்பு 'துரத்தப்படுதல்' என்று பொருள்படும். எட்டாம் அத்தியாயம் 'துரத்துதல்'. இரண்டுக்கும் நடுவில் நடந்தது ஒன்றுதான். அவன் முகத்தைத் திருப்பினான்.

இதைச் சொல்லி முடித்தபோது பாட்டி கேட்டார்: "நிழலுன்னா நல்லதுதானே அய்யா? பால்மரத்து நிழல்லதானே நாம பொழைச்சோம். 'உங்க நிழல்ல இருக்கோம்'னுதானே பெரியவங்ககிட்ட சொல்லுவோம். இவன் ஏன் பயப்படுறான்?"

யாருக்கும் பதில் தெரியவில்லை. அடுத்து அக்கா பேசினார். மூன்று வாரமாக வாயே திறக்காதவர்.

"எனக்கு ஒண்ணு சொல்லுங்க. அந்தப் பெரியவர், இவனுக்காகச் செத்தாரே, அவர் என்ன ஆனாரு?"

"அவர்தான் இறந்துட்டாரேக்கா."

"அதான் கேக்கிறேன். செத்தவர் ஒரு பக்கத்துல செத்தாரு. அதுக்கப்புறம் கதை முழுக்க இவன் பயம், இவன் தவிப்பு, இவன் குருவ தேடி வர்றது. என் தம்பி ஆலோங்கிட்ட கடன் வாங்கிட்டு ஓடிட்டான். ஏழு வருசமாச்சு. வீட்டுச் சுவர்ல, கேட்டுல எல்லாம் செகப்பு சாயம் ஊத்திட்டுப் போனானுங்க. நானும் அம்மாவும்தான் கழுவினோம். மூணு தடவ. ஓடுறவன பத்தித்தான் எல்லாரும் கதை எழுதுறாங்க. வீட்ட கழுவுறவள பத்தி யாரும் எழுதுறதில்ல."

மண்டபத்தில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது.

கெட் நெமர்லேயை மறக்கவில்லை, மாதக்கணக்கில் பேச்சே இழந்து கிடந்தான் என்றெல்லாம் நான் சொல்லியிருக்கலாம். புத்தகத்தில் அது இருக்கிறது. சொல்ல முடியவில்லை. மேசையைத் துடைப்பதுபோல் குனிந்துகொண்டேன். ஏனென்றால் ஓடிப்போனவன் அங்கே லோரி அண்ணன் மட்டும் இல்லை.

1990. தீபாவளிக்கு முதல் நாள். அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. பக்கத்தில் ஒரு தோட்டத்தில் லயத்து வீட்டில் இருந்தோம். பட்டணத்திலிருந்து விருந்துக்கு வந்த ஒருவன், தோட்டத்துப் பையன்களுக்கு மோட்டார் ஓட்டத் தெரியுமா என்று சிரித்தான். என் கூட்டாளியின் அண்ணன் புதிதாக வாங்கிய மோட்டார் வாசலில் நின்றது. மாதக் கட்டணத்தில் எடுத்தது. கூட்டாளியைக் கெஞ்சிச் சாவியை வாங்கி, "பின்னால ஏறுடா, காட்டுறேன்" என்றேன். செம்மண் சாலை. முதல் நாள் மழை. கால்வாய்க்கு மேல் போட்டிருந்த பலகைப் பாலம்.

எனக்கு முழங்கையில் சிராய்ப்பு. அவனுக்கு வலது கால் இரண்டு இடத்தில் முறிந்தது. நினைவில்லாமல் கிடந்தான்.

ஓடிவந்தவர்கள் யார் ஓட்டியது என்று கேட்டார்கள். என்னிடம் லைசென்ஸ் இல்லை. "அவன்தான்" என்றேன். ஒரே ஒரு சொல்.

மூன்றாம் நாள் ஜோகூர் பாருவுக்குப் பேருந்து ஏறிவிட்டேன். பிறகு சிங்கப்பூரில் கப்பல் பட்டறை வேலை. பத்து ஆண்டுகள். வீட்டுக்குப் பணம் அனுப்பினேன். நல்ல பிள்ளை என்று பெயர் வாங்கினேன். 2001-இல் திருமணம் முடித்துக்கொண்டு சுங்கை பட்டாணிக்கே திரும்பினேன். தோட்டம் அப்போது வீடமைப்புத் திட்டமாகிவிட்டது. கூட்டாளி பீடோங்கில் இருக்கிறான், தையல் வேலை செய்கிறான், கால் சரியாகவே இல்லை என்று கேள்விப்பட்டேன். என் வீட்டிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். அந்தப் பக்கம் போக நேர்ந்தால் சுற்று வழியில் போவேன்.

ஜோகூருக்கு ஓடியதைக்கூட ஓட்டம் என்று சொல்ல முடியாது. திரும்பி வந்து, இவ்வளவு பக்கத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேல் சுற்று வழியில் போனேனே, அதுதான் ஓட்டம்.

இந்த நாவலை முதன்முதலில் என் மகளின் அலமாரியில் எடுத்துப் படித்தபோது கெட் எனக்கு ஆறுதலாக இருந்தான். தவறு செய்தவனும் நாயகன் ஆகலாம் என்று எடுத்துக்கொண்டேன். அந்த ஆறுதலை நான்கு பேர் வாயிலும் கேட்க வேண்டும் என்றுதான் வட்டத்துக்குக் கொண்டுபோனேன். அக்காவின் கேள்வி அதைப் பறித்துவிட்டது. கெட் திரும்பி நின்றபோது மன்னிப்புக் கேட்க நெமர்லே உயிரோடு இல்லை. என் கூட்டாளி உயிரோடு இருந்தான். அந்த வகையில் என் ஓட்டம் கெட்டுடையதைவிடக் கேவலம்.

அடுத்த சனிக்கிழமை பீடோங் போனேன். இந்த முறை நேர் வழியில்.

வீட்டு முன்பகுதியில் தையல் இயந்திரம். அவன் நிமிர்ந்து பார்த்தான். அடையாளம் தெரிந்துவிட்டது. "வா" என்றான். அவ்வளவுதான். எழுந்திருக்கவில்லை. எழுந்திருப்பது அவனுக்குச் சுலபமும் இல்லை.

தயார் செய்துகொண்டு போன பேச்செல்லாம் மறந்துபோனது. "நான்தான் ஓட்டினேன்" என்று மட்டும் சொன்னேன்.

"எனக்குத் தெரியாதா?" என்றான்.

"அப்புறம் ஏன்டா சொல்லல?"

"கண்ணு முழிச்சப்ப எல்லாரும் பேசி முடிச்சுட்டாங்க. நான் சொன்னேன். பழிய தூக்கி அடுத்தவன் மேல போடுறேன்னு அம்மா அழுதாங்க. அப்புறம் விட்டுட்டேன்." நூலைப் பல்லால் கடித்து அறுத்தான். "அம்மா போயி ஆறு வருசமாச்சு. அவங்க இருக்கறப்பவே வந்திருக்கலாம்."

அவன் சத்தம் போட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

சிறிது நேரம் கழித்து அவனே கைப்பேசியை எடுத்தான். "அண்ணன் கூலிம்ல இருக்காரு. அவர்கிட்டயாவது சொல்லு." சொன்னேன். மறுமுனையில் நீண்ட நேரம் பேச்சில்லை. பிறகு, "மோட்டாருக்கு ரெண்டு வருசம் காசு கட்டினேன் தம்பி. ஓட்டுறதுக்கு மோட்டார் இல்லாமலே. தம்பிகிட்ட நாலு வருசம் பேசல" என்றார். அழைப்பைத் துண்டித்துவிட்டார்.

கூட்டாளியின் மனைவி அன்று என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

ஐந்தாம் ஞாயிறு, கடைசி இரண்டு அத்தியாயங்கள். கெட்டும் வெட்சும் நிழலைத் துரத்திக் கொண்டு கடலின் எல்லைக்கே போகிறார்கள். அங்கே நேருக்கு நேர் நின்று கெட் அதை ஒரு பெயர் சொல்லி அழைக்கிறான். 'கெட்' என்று. தன் பெயரையே. அதே நொடியில் நிழலும் அவனை அதே பெயரால் அழைக்கிறது. அவன் ஓடியது தன்னிடமிருந்தேதான்.

"இப்ப புரியுதுய்யா" என்றார் பாட்டி. "நம்ம நிழல்தானே. அது நம்ம காலடியிலதான் கெடக்கணும்."

பிறகு என் கதையைச் சொன்னேன். தலைமையாசிரியர் ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி இருந்தார். லோரி அண்ணன் என் தோளில் கை வைத்தார். நான்காம் படிவப் பெண்தான் முதலில் பேசினாள். "அப்ப நீங்களும் பாதிப் புத்தகம் ஓடிட்டுத்தான்…"

"பாதி இல்லம்மா. முக்கால்."

அக்கா என்னைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. அவருக்கு நான் ஒரு செய்தியைச் சொல்ல வேண்டியிருந்தது. இந்த நாவலில் மந்திரப் பள்ளிக்குள் பெண்களுக்கு இடமில்லை. பெண்கள் செய்யும் மந்திரம் மட்டமானது என்று பழமொழியே வருகிறது. பல வாசகர்கள் இதைக் குறை சொன்னார்கள். லெ குவினும் திரும்பிப் பார்த்தார். 22 ஆண்டுகள் கழித்து, 1990-இல், அதே உலகத்தை வைத்து 'தெஹானு' என்ற நாவலை எழுதினார். அதில் கெட் தன் சக்தியெல்லாம் இழந்து, தோற்றவனாக வந்து சேர்கிறான். கதையின் நடுவில் நிற்பது அவன் அல்ல. தெனார் என்ற நடுத்தர வயது விதவை. ஆடு பார்க்கிறாள், சமைக்கிறாள், பாத்திரம் கழுவுகிறாள், தீயில் கருகிய ஒரு பெண் குழந்தையை எடுத்து வளர்க்கிறாள்.

"வீட்ட கழுவுறவள பத்தி எழுதியிருக்காங்கக்கா. கொஞ்சம் தாமதமா எழுதியிருக்காங்க" என்றேன்.

அக்கா யோசித்தார். "தம்பி வந்தா நான் கதவ திறப்பேனான்னு எனக்கே தெரியல. ஆனா வரட்டும். அம்மா இருக்கறப்ப வரட்டும்."

அதன் பிறகு நான் பீடோங்குக்கு மூன்று முறை போய்விட்டேன். மூன்றாம் முறை கூட்டாளியின் மனைவி, கோப்பி குடிக்கிறீங்களா என்று கேட்டார். கூலிம் அண்ணன் இன்னும் என் அழைப்பை எடுப்பதில்லை. வாரத்துக்கு ஒருமுறை அழைக்கிறேன். இதை எழுதலாமா என்று கூட்டாளியிடம் கேட்டேன். "எழுது. என் பேரப் போடாத. ஓட்டினது யாருன்னு மட்டும் சரியா போடு" என்றான்.

ஓட்டியது நான்.

வாசகர் வட்டத்தில் அடுத்து 'தெஹானு' படிக்கிறோம். அக்காதான் கேட்டார்.